திருப்பிப் போடாத துணிப்பை

வானத்தை நம்பி வந்திறங்கும் சிறகுகளுக்கு வாசல் திறந்து வைத்திருக்கும் இந்தக் கடலோரப் பறவை நிலையத்தின் தலைவர் அவர்களே, என் நரைக்கும் மூத்த நரையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் உறங்கவைத்துக்கொண்டு எனக்குச் செவி கொடுக்கும் தாய்மார்களே, என்னோடு சேறு மிதித்த தொண்டர்களே, வணக்கம்.

என் முதல் நாளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பறவைகள்மேல் பாசம் பொங்கியா வந்தேன்? பருந்துக்கும் பக்கத்து வீட்டுக் காக்கைக்கும் வித்தியாசம் தெரிந்தா வந்தேன்? சிரியுங்கள், அன்றைக்கும் சிரித்தார்கள். மாடியில் நிற்கிறதே தொலைநோக்கி, அதற்காக வந்தேன்.

என் வீட்டுக்காரர் படகு இன்ஜின் மெக்கானிக். பழுது பார்த்த படகை ஓட்டிப் பார்க்கப் போனார். படகு கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்கவில்லை என்றார்கள். உடல் கிடைக்கவில்லை என்றால் உயிர் இருக்கிறது என்றுதானே ஒரு மனைவி எடுத்துக்கொள்வாள்? கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவர் சட்டை தொங்கியபடியே இருந்தது. மகள் அதை மடித்து வைக்க வந்தால் எரிந்து விழுவேன்.

கடலில் அவரைத் தேடிப் பார்க்க மாடிக்கு வழி கேட்ட என்னை வளையக்காரம்மா விடவில்லை. பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டும் தங்கையை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? தலையைக் குனியாதே அம்மா, உன்னைத்தான் சொல்கிறேன். "முதல்ல கீழ வேலை, அப்புறம் மாடி" என்றாள். பிடித்த பறவைகளைத் துணிப்பைகளில் இட்டுச் சுவர்க் கொக்கிகளில் மாட்டியிருந்தாள். வளையம் மாட்டி அவள் நீட்டுவதை ஜன்னல் வழியே பறக்கவிட்டு, காலிப் பையைக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. முதல் குருவியை விட்டேன். பையை மாட்டினேன். பிறகு அந்த ஜன்னலிலேயே கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

திரும்பினால் அறையே அமர்க்களம். அவள் ஒரு பைக்குள் கைவிட்டுத் துழாவுகிறாள். மற்றவர்கள் மேசைக்கடியில் தேடுகிறார்கள்.

"இதுல இருந்த குருவி எங்கக்கா?"

"அதைத்தான் அப்பவே விட்டாச்சே."

"அப்போ பையை ஏன் திருப்பிப் போடல? நேரா தொங்குனா உள்ள உசுரு இருக்குன்னு அர்த்தம்க்கா. போயிடுச்சுன்னா உள்பக்கத்தை வெளிய எடுத்து மாட்டணும். இல்லேன்னா இல்லாததைத் தேடிக்கிட்டே இருப்போம்."

அவையோரே, அவள் சொன்னது துணிப்பையை. என் கண்ணில் நின்றது துணிப்பையா? என் காலடியில் மாடிப்படி இருந்தது. ஏறினேனா? இல்லை. வீட்டுக்குப் போனேன்.

சட்டைக்குள் கைவிட்டேன். அவள் துழாவியது போலவே துழாவினேன். தோளில் தேடினேன், கையில் தேடினேன், பாக்கெட்டில் தேடினேன். கிரீஸ் கறை இருந்தது. அவர் வியர்வை வாசம்கூட இல்லை.

மகள் வந்து நின்றாள். "என்னம்மா பண்றே?"

"அப்பாவைத் தேடுறேன்."

"இருக்காராம்மா?"

அதுவரை என் வாயில் வராத சொல் அப்போதுதான் வந்தது. "இல்லம்மா."

சட்டையின் ஒரு கையை நான் இழுத்தேன், இன்னொரு கையை அவள் இழுத்தாள். உள்பக்கம் வெளியே வந்தது. அதே கொக்கியில் மாட்டினோம். பிறகுதான் இருவரும் அழுதோம், அவருக்காக, வாய்விட்டு.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. திட்டிய தங்கைக்கு நன்றி. வீட்டில் இன்னும் ஒரு சட்டை நேராகத் தொங்க, இந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறீர்களோ, உங்களுக்கு என் தனி வணக்கம். ஒரு கையை இழுக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.