சாம்பிராணிக்கு அலறிய அலாரம்

திருநகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மில் தொழிலாளிகள் இருவர். இளையவர் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டாப் போதும்ணே, எங்க மில்லு பஞ்சு குடோன்ல தீ அலாரம் அலறிருது. அதான் புகைக்கு அடிக்கிறதக் கழட்டிட்டு, சூட்டுக்கு அடிக்கிறத மாட்டச் சொல்லிட்டோம்.”

பெரியவர் திரும்பிப் பார்த்தார். “பஞ்சு முதல்ல புகையத்தானப்பா செய்யும்? சூடு ஏறி மணி அடிக்கிறதுக்குள்ள அம்புட்டும் போயிருமே. படத்த வேற எடத்துல மாட்டுறதுக்கென்ன?”

“கும்பிட்ட எடத்துலருந்து சாமிய எப்படிண்ணே எடுக்குறது?”

“சரி, கழட்டுனது எங்க?”

“மொதலாளி ரூம்ல மாட்டிட்டாக.”

“குடோன்ல காவலுக்கு யாரு?”

இளையவரின் மில் ஸ்டாப் வந்துவிட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நான்தாண்ணே. வாரேன்.”