பெயர் சொல்லாத ஏரி

டிரவுட் மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். தண்ணீரில் திரும்ப விட்டாலும் பிழைக்காது. நான் பிடித்ததையெல்லாம் அப்படித்தான் விட்டிருக்கிறேன், ஷெரீஃப். ஓர் உயிரைத் துன்புறுத்தும் சுபாவம் எனக்குக் கிடையாது.

அந்த ஏரிக்குப் பாதை இல்லை. மரம் முளைக்காத உயரத்தில், பாறைக் குவியலைத் தாண்டிப் போக வேண்டும். வயோமிங்கில் தூண்டில் பிடிக்கிற எவனும் தன் ஏரியை வெளியில் சொல்ல மாட்டான். யாராவது கேட்டால் மார்டன் ஏரி என்பேன். அங்கே போய் ஏமாந்து வந்து மறுபடி கேட்டால், கெட்டில் ஏரி என்பேன். என் மனைவியிடமும் அப்படித்தான்.

டெல் ஹாஸ்கின்ஸை அழைத்துப் போனது என் தப்பு. மர ஆலையில் என்னோடு வேலை பார்த்தவன். நல்லவன், ஆனால் வாயில் எதுவும் தங்காது. முதல் மீனைப் பிடித்ததுமே, பின்னாலிருந்த சிகரம் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"அடுத்த வருஷம் நம்ம தூண்டில் கிளப் பசங்க மொத்தப் பேரையும் இழுத்துட்டு வரேன் பாரு, வெர்ன். இத்தன வருஷமா நீ மட்டும் அனுபவிச்சிருக்கியே, திருட்டுப்பயலே."

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் அவனைத் தள்ளவில்லை. மறுநாள் பாறையில் அவனாகத்தான் சறுக்கி விழுந்தான். கால் முறிந்துவிட்டது.

பொத்தானை அமுக்கினால் மீட்புக்குழுவுக்குத் தகவல் போகிற அவசர உதவிக் கருவி என் பையில் இருந்தது.

"அமுக்கிட்டியாடா?"

"அமுக்கிட்டேன். வந்துடுவாங்க."

அமுக்கவில்லை. அமுக்கினால் நாங்கள் இருக்கும் இடம் அப்படியே தெரிந்துவிடும். ஹெலிகாப்டர் வரும், பின்னாலேயே ஊரும் வரும். அவனைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, அவன் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அவங்கதான் வராங்களே, நீ எதுக்குடா போறே?"

"வழி காட்ட ஆள் வேணும்ல," என்றேன்.

கீழே உங்கள் ஆட்கள் எந்த ஏரி என்று கேட்டார்கள். மார்டன் என்று வாயில் வந்துவிட்டது. பழக்கதோஷம். பிறகாவது திருத்தியிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஹெலிகாப்டர் அந்தப் பள்ளத்தாக்கையே சுற்றிச் சுற்றி வந்தபோது டெல்லின் மனைவி லோரெட்டா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை நினைத்து நிஜமாகவே அழுதேன். பனி கொட்டத் தொடங்கியதும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கருவி பழுதாகிவிட்டது என்று நான் சொன்னது பொய்யென்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். சரிதான். டெல்லைச் சாகவிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பனி உருகிவிட்டது, உடலையாவது கொடுங்கள் என்று லோரெட்டா வாசலில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அவளிடம் இனியும் பொய் சொல்ல எனக்கு மனம் வராது. வரைபடத்தை இப்படித் திருப்புங்கள்.

இதோ, இங்கேதான். கெட்டில் ஏரி.