கொற்கை அண்ணாச்சியின் தேன் சோப்பு

ஸ்டெபி: பைய, பைய! தேனை மொத்தமா கவுத்திராதீய. சூடு ஏறிப் பொங்கீரும்.

ஜெய்சன்: ஒரு கரண்டிதான ஊத்துனேன்... ஏட்டி, இந்தத் தடவ என்ன, தேங்கா எண்ணெய் டின்னு டின்னா இருக்கு?

ஸ்டெபி: இனிம இதான் என் பொழப்பு. நாளைக்கு ஸ்கூல்ல ராஜினாமா லெட்டர் குடுக்கப் போறேன்.

ஜெய்சன்: என்னது!

ஸ்டெபி: கைய நிப்பாட்டாம கிண்டுங்க. மாவு பதத்துக்கு வரணும்.

ஜெய்சன்: மாசம் நாப்பது சோப்பை நம்பி டீச்சர் வேலைய விடுவாளாட்டி ஒருத்தி?

ஸ்டெபி: நாப்பதுன்னு நான் சொல்லலியே.

ஜெய்சன்: பார்சல... தூக்குனா தெரியாதா? புருசன்தான கூரியருக்குக் கொண்டு போறேன்.

ஸ்டெபி: ம்ம். கொற்கை வேதநாயகம் அண்ணாச்சி மூணு மாசமா விடாம வாங்குதாவ. "தோலு பட்டு மாதிரி ஆயிட்டு தாயி"ன்னு வாட்ஸப்புல எழுதியிருக்காவ. சனிக்கிழமை நேர்ல போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும்.

ஜெய்சன்: வேண்டாம்! அவரு... ஊர்ல இருக்க மாட்டாரு.

ஸ்டெபி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெய்சன்: இரு, மொதல்ல இது பதம் வந்துச்சான்னு பாரு.

ஸ்டெபி: சொல்லுங்க.

ஜெய்சன்: லெட்டர் மட்டும் குடுத்திராதட்டி. வேதநாயகமும் இல்ல, ஒருத்தனும் இல்ல. புது சிம் வாங்கி நாந்தான் ஆர்டர் போட்டேன்.

ஸ்டெபி: ஏன்?

ஜெய்சன்: மொதல்ல வாங்குனவிய ஒருத்தரும் திரும்ப வரல. ரெண்டு நாளு சோறு திங்காம அழுத. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.

ஸ்டெபி: பட்டு மாதிரி தோலாம்... உங்களுக்கு!

ஜெய்சன்: சிரிக்காத. சோப்பெல்லாம் பரண்ல, பழைய மெத்தைக்குப் பின்னால கெடக்கு. ஒண்ணக்கூடப் பிரிக்கல.

ஸ்டெபி: கெடந்துச்சு. இப்ப இல்ல.

ஜெய்சன்: இல்லையா?

ஸ்டெபி: கிறிஸ்மஸ் ஸ்டார் தேடி ஏறுனேன். பெட்டியப் பாத்ததும் உங்க மேல வந்த கோவத்துக்கு... பொறவு ஒண்ண எடுத்துக் குளிச்சேன். மூணு மாசம் காஞ்சு கல்லு மாதிரி இருக்கு, நுரை அப்படிப் பொங்குது! நான் அவசரப்பட்டு ஒரு வாரத்துலயே வித்தேன்லா, அதான் எல்லாருக்கும் கொழகொழன்னு கரைஞ்சு போயிருக்கு.

ஜெய்சன்: அப்ப அந்தப் பெட்டி?

ஸ்டெபி: அம்பாசமுத்திரத்துல ஒரு கடையில குடுத்தேன். ஒரே வாரத்துல தீந்துட்டு. இன்னும் இருநூறு கேக்காவ, அதான் இவ்வளவு எண்ணெய்.

ஜெய்சன்: அப்ப நெசமாவே வேலைய விடப் போறியா?

ஸ்டெபி: லெட்டரே எழுதலியே. வேதநாயகம் அண்ணாச்சி என்னைக்கு வாயத் திறப்பாவன்னு பத்து நாளா காத்துக் கெடந்தேன்... இந்த இருநூறையும் நீங்கதான் பரண்ல ஒளிச்சு வைக்கணும், நான் கேட்டாலும் மூணு மாசத்துக்கு எடுத்துக் குடுத்திராதீய.