காத்து நசுக்கிய டின்

எழுபதுகளில் ஒரு காலை. கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் காலி கிருஷ்ணாயில் டின்.

“எங்க ஊட்டு டின்ன காத்து நசுக்கிட்ச்சிக்கா,” என்றாள் இளையவள். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“புயலே அடிக்கலியே.”

“ஸ்கூல்லக்கா. பொண்ணு எடுத்துகினு போச்சி. டீச்சர் அதுல கொஞ்சம் தண்ணி ஊத்தி கொதிக்க வச்சாங்களாம். ஆவி வந்து உள்ள கீற காத்த வெளிய தள்ளிட்ச்சாம். எறக்கி, மூடிய இறுக்கி, மேல பச்சத்தண்ணி ஊத்துனா, உள்ள கீற ஆவி குளுந்து தண்ணியாகி, வெளிக்காத்து அமுக்கி டின்னு சப்பையா பூட்ச்சாம்.”

“யாரும் கை வெக்கல?”

“வெக்கலியாம்.”

“இனிமே கிருஷ்ணாயில் எதுல வாங்குவ? போயி சண்ட போட்டியா?”

“அதுக்குத்தான் போனேன். டின்ன பாத்ததும், இன்னொரு வாட்டி செஞ்சி காட்டுங்கன்னு கேட்டுட்டேன். வேற டின்னு இல்லன்னுட்டாங்க.”

இளையவளின் பார்வை மூத்தவள் மடிக்குப் போனது. அவள் டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கவரைப்பேட்டை போயிற்று. பொன்னேரி வருவதற்குள் அவளே வாயைத் திறந்தாள்.

“டின்னு நான் தர்றேன். என்னயும் உள்ள வுடுவாங்களா?”