சூரியன் நகராமல் இருக்க

ஜவ்வாது மலையில் பிப்ரவரி மாதம் வானம் சுத்தமாக இருக்கும், ஐயா. அதற்காகத்தான் போளூர் தபாலாபீஸ் வேலையை விட்டுவிட்டு அங்கே வீடு கட்டினேன். முற்றத்தில் தகரக் கூண்டு, அதற்குள் தொலைநோக்கி. சூரியன் நகர நகர அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். அந்தப் பக்கம் கரண்டு கிடையாது. கூலிக்கு வைத்திருந்த முனியன் அந்த மோட்டாருக்கான லாரி பேட்டரியை ஆலங்காயத்துக்குச் சுமந்து போய் சார்ஜ் ஏற்றி வருவான்.

எண்பதாம் வருஷம் கிரகணத்தன்று அவன் பேட்டரியோடு வரவில்லை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளில் பழைய கார் டைனமோ ஒன்றைப் பெல்ட் போட்டு வைத்திருந்தேன்; மிதித்தால் மோட்டாருக்குக் கரண்டு வரும். தொலைநோக்கி வழியாகத் தாளில் விழும் சூரியனைப் படமெடுக்க வேண்டும், நான் கேமராவை விட்டு நகர முடியாது. என் அக்கா நீலாவதியும் மாமா ரங்கசாமியும் காற்று மாற்றத்துக்காக வந்து தங்கியிருந்தார்கள். மாமாவுக்கு இருதயம் பலவீனம். படி ஏறக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிய சீட்டை நானும் படித்தேன். சைக்கிளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைதானே.

ஒரு மணி நேரம் மிதித்தார். "மாப்ளே, நெஞ்சு இன்னாமோ பண்ணுது" என்றார்.

"பாதி முடிஞ்சிச்சி மாமா, நிறுத்தாதீங்க."

நல்ல மனுஷர், நிறுத்தவில்லை. வெள்ளைத் தாளில் விழுந்த சூரியன் ஓரத்துக்கு நகர்ந்தபோதுதான் அவர் கீழே கிடப்பதைக் கவனித்தேன். மூச்சு இருந்தது.

அக்கா ஓடி வந்தாள். "டாக்டரைக் கூப்டுடா ஆதி."

ஆலங்காயம் போய்வர அரை நாளாகும். கிரகணம் முடிய நாற்பது நிமிஷம்தான். "இந்த மிஷின்லதான் ஆலங்காயத்துக்குத் தந்தி போவும்க்கா. நீ மிதி. நிறுத்தினா அறுந்துடும்" என்றேன்.

தபாலாபீஸில் இருந்தவன் சொன்னதை அவள் நம்பினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மாமாவைவிடச் சீராக மிதித்தாள்.

"பதில் வந்திச்சா?"

"கெளம்பிட்டாங்களாம்."

மாமா அவளையே பார்த்தபடி கிடந்தார். எப்போது பார்ப்பதை நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. நான் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதவிக்கு ஆள் அனுப்பாதது நான்தான். தந்தி என்று பொய் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தாறு படங்களில் முப்பத்தைந்து மிகத் தெளிவு. கடைசிப் படம் மட்டும் அசைந்துவிட்டது. அக்கா குனிந்து மாமாவைப் பார்த்துவிட்டு மிதிப்பதை நிறுத்திவிட்டாள். அதற்காக அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஐயா. அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.