வலப்பக்கம்

பிறந்து இருநூற்றுப் பதினாறு மணி நேரம். அதுவரை அந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பால் உள்ளே போகவில்லை.

"ஏட்டி, பேய்க் கதை கேட்டா ஆஸ்பத்திரிக் கதை சொல்லுத?" என்றாள் பார்கவி. விடுதியில் கரண்ட் இல்லை. ஐந்து பேர், ஒரு மெழுகுவத்தி.

"கேளுட்டி. நம்ம உமையாளோட அத்தை மகளுக்கு நடந்தது."

உமையாள் நிமிரவில்லை. நான் சொன்னேன்.

தொண்ணூற்று இரண்டு, ஐப்பசி. அந்த அத்தை மகள் சித்ரலேகாவுக்கு நடுராத்திரியில் வலி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வாடகைக் கார். வழியில் ஒரு விளக்கு கிடையாது... பாளையங்கோட்டை வந்ததும் மயக்க மருந்து, ஆபரேஷன். கண் விழித்தபோது, "ஆம்பளப் பிள்ளை" என்றார் கணவர் வைத்தியலிங்கம். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பிள்ளைக்கு உணவுக்குழாய் இரைப்பையோடு சேராமல் பாதியில் மூடியிருந்தது. மறுநாளே அறுத்துச் சேர்த்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் டாக்டர் சொன்னார்: "இனி மூக்குக் குழாய் வழியா தாய்ப்பால் விடலாம். அது வயித்துல தங்கிட்டா பிழைச்சிக்கிடும்."

சித்ரா பீய்ச்சினாள். இடப்பக்கம் கொஞ்சம் வந்தது. வலப்பக்கம்... ஒன்றுமில்லை.

"ஒரு பக்கம் மட்டும் எப்படிம்மா வத்தும்?" நர்ஸ் அழுத்திப் பார்த்தாள். "இப்பத்தான் யாரோ குடிச்ச மாதிரில்லா இருக்கு. யார் பிள்ளைக்குக் குடுத்த?"

அடுத்த கட்டிலில் ராஜகனி. அவள் பிள்ளை சத்தமாகக் குடிக்கும், ஏப்பம் விடும், தூங்கும். ஒன்பது நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் சித்ரா. ஒருமுறை மனசுக்குள், அதுக்கும் தொண்டை அடைக்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

"எனக்கு நிறைய இருக்குக்கா. பிள்ளைக்குத் தாரேன்" என்றாள் ராஜகனி.

"அவ பால் எம்பிள்ளைக்கு வேண்டாம்."

வைத்தியலிங்கத்தின் அக்கா பார்வதியம்மாள் கெஞ்சினாள். சித்ரா மசியவில்லை. தான் தூங்கும்போது ராஜகனிதான் அவள் பிள்ளையைக் கொண்டுவந்து குடிக்க விடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். காலையில் பெருக்க வந்த ஆயா வேறு திட்டினாள்: "கட்டிலுக்கு அடியில ஆத்து மணலு... தினமும் எங்கருந்துதான் வருதோ."

அன்று ராத்திரி சித்ரா தூங்கவில்லை. தூங்குவதுபோல் கிடந்தாள்.

ராஜகனி குறட்டை விட்டாள். அவள் பிள்ளை அவள் கைக்குள்ளேயே கிடந்தது.

மெத்தை வலப்பக்கம் லேசாக அமுங்கியது.

ஈர மணல் வாடை. பாசி வாடை. மார்பில் ஜில்லென்று ஏதோ பட்டது... சப்... சப்... சப். பல் இல்லாத வாய். சித்ராவுக்குக் கை எழவில்லை.

சத்தம் நின்றது. பாரம் இறங்கியது. தரையில் மணல் நரநரவென்று பைய நகர்ந்தது. வாசல் பக்கம் இல்லை. சித்ராவின் பிள்ளை இருந்த அறைப் பக்கம்.

கண்ணாடிப் பெட்டியின் மணி அடித்தது.

எல்லோரும் ஓடினார்கள். பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. மூக்குக் குழாய் பிடுங்கப்பட்டு வெளியே கிடந்தது. குழாயில் ஈர மணல். ரொம்ப நேரம் போராடி மூச்சைத் திருப்பினார்கள்.

சித்ரா கண்ணாடிக்கு வெளியே தையலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைத்தியலிங்கத்தைப் பார்த்தாள். அவள் மார்புச் சேலையில் வலப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது.

"அது யாரு?"

பார்வதியம்மாள்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒடம்பு தேறட்டும்னு மறைச்சிட்டோம் தாயி... ஒனக்குப் பொறந்தது ரெட்டை. இவனுக்கு முந்தி வந்தது ஒரு பொட்டப்பிள்ளை. மூச்சு இல்ல. ஆத்தங்கரையில புதைச்சோம். புதைக்கும் முன்ன பெத்தவ பால் ஒரு சொட்டு உதட்டுல தொட்டு வைக்கணும்... ஒங்கிட்ட எப்படிக் கேக்க? கடைப் பாலைத் தொட்டு வச்சிட்டோம்."