ஆறாவதுல மட்டும் வருது

இல்ல அண்ணி, நம்ம கடை நெட்டுல வருதா வரலியான்னு அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. நீங்க மொதல்ல உக்காருங்க. அய்யோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போடட்டா? சரி, போடல.

ஒண்ணர வருஷமா கடைக்குள்ள ஒரு புது ஆளு காலெடுத்து வைக்கல. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அண்ணன் சாவிய ஓனர்கிட்ட ஒப்படைக்கப் போறாரு. தெரியும் அண்ணி, மணி நாலே கால், அதுவும் தெரியும். நீங்க விஷயத்தச் சொன்னதுலேருந்து மூணு நாளா நான் வேற வேலையே பாக்கல. வீல்சேர் ரிப்பேர்னு அடிச்சு, கூடவே நம்ம ஏரியா பேரையும் போட்டு, ஒவ்வொரு சர்ச் இன்ஜினா தட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன். பெரிசுல வரல. அதான் சின்னதுங்கள்ல பாத்தேன், மொத்தம் பதினொண்ணு.

அதுல பாதி டூப்பு. வெளிய போர்டு மட்டும் வேற, சரக்கெல்லாம் அந்தப் பெரிசுகிட்டேருந்து வாங்கி விக்கிறது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

சொந்தமா இண்டெக்ஸ் வச்சிருக்கறது அஞ்சாறுதான். இண்டெக்ஸ்னா, புஸ்தகத்துக்குப் பின்னாடி எது எந்தப் பக்கம்னு போட்டிருக்குமே, அது மாதிரி. அதுங்களே ஒவ்வொரு வெப்சைட்டா போய்ப் படிச்சு எழுதி வச்சுக்கும். ஒண்ணு, படம் கிடம் இல்லாத பக்கமா பாத்துப் பொறுக்கும். வீல்சேர்னு கேட்டா, எவனோ வீல்சேர்ல மலையேறின கதையக் காட்டுது. நல்ல கதை அண்ணி, நான் முழுசா படிச்சேன்... சரி சரி, விஷயத்துக்கு வரேன். இன்னொண்ண ஒரே ஒரு அம்மா, வீட்டு ஷெட்டுல ரெண்டு மிஷின வச்சு நடத்தறாங்க. கரண்ட் போனா சர்ச்சும் போயிடும்.

ஆறாவதா பாத்தேன் பாருங்க, அதுல வருது! மொத ஆளா நம்ம கடை. அண்ணன் எழுதச் சொன்ன அதே வரி, எந்தச் சக்கரமா இருந்தாலும் அன்னிக்கே சரி பண்ணித் தருவோம்னு. இருங்க, ஸ்க்ரீனத் திருப்பறேன்.

அதுல மட்டும் எப்படின்னா... தண்ணி குடிக்கறீங்களா? வேணாமா.

அது பழைய காப்பி அண்ணி. சின்ன இன்ஜின் பாவம், அடிக்கடி வந்து பாக்க வசதி கிடையாது. கடைக்கு நான் சைட்டு போட்டுக் குடுத்த மொத வாரம் வந்து எடுத்தத இன்னும் வச்சிருக்கு. பெரிசு அடிக்கடி வரும். வந்திருக்கு, நம்ம சைட்டுல உள்ள வராதே, லிஸ்ட்ல வைக்காதேன்னு எழுதியிருந்திருக்கு, மரியாதையா போயிடுச்சு. தேட வர்ற மிஷினுக்குன்னே அப்படி ரெண்டு வரி எழுதி வைக்கற வழக்கம் இருக்கு. கடைக்கு வர்ற மனுஷன் கண்ணுக்கு அது தெரியாது.

ஹேக்கரா? சேச்சே, அதெல்லாம் இல்ல. அந்த சைட்டு பாஸ்வேர்டு ஒரே ஆளுகிட்டதான் இருக்கு.

ஒண்ணர வருஷம் முன்னாடி ஒரு நாள், கஸ்டமர் எதிர்லயே அண்ணன் சொன்னாருல்ல, என் தம்பி சும்மா பொட்டி தட்டறவன், ஒரு நட்டு முடுக்கத் தெரியாதுன்னு. எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களும்தான். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. வந்த சூட்டோட உக்காந்து அந்த ரெண்டு வரிய எழுதிட்டேன். கடை ஒரு நாள் நெட்டுலேருந்து காணாம போகட்டும், மறுநாள் எடுத்துடலாம்னு. மறந்துட்டேன் அண்ணி. சத்தியமா... இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஒரு மாசத்துல ஞாபகம் வந்துச்சு. அவரு ஒரு ஃபோன் கூட பண்ணலியேன்னு ஒரு கோவம், கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.

மூணு நாள் முன்னாடி நீங்க சொன்ன அன்னிக்கே அந்த ரெண்டு வரியயும் அழிச்சிட்டேன். பதினொண்ணுல ஏதாவது ஒண்ணுலயாவது கடை புதுசா வந்துட்டா, யாருகிட்டயும் சொல்லாமலே தப்பிச்சுடலாம்னுதான் இந்தத் தேடு தேடினேன். அந்தப் பழைய காப்பியத் தவிர ஒண்ணுலயும் வரல. பெரிசு திரும்பி வந்து பாக்க இன்னும் பத்து நாளாவது ஆகும், அதுக்கப்புறம் ஜனம் வரும். அது வரைக்கும் அவரு சாவியக் குடுக்காம இருக்கணும்.

அழாதீங்க அண்ணி. திட்டுங்க, அப்புறமா நல்லா திட்டுங்க. இப்ப உங்க ஃபோன இப்படிக் குடுங்க. என் நம்பர்னா அண்ணன் எடுக்க மாட்டாரு.